தலையணைக் கேரியர்

அப்பா தலையணை தைப்பவர். மூத்த மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் தம்பி பிறந்ததும் அவனுக்கு அரைவாலு என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்பாவின் சைக்கிளில் இருந்த இரும்புக் கேரியர் துருப்பிடித்து உடைந்துபோனது. அன்றிலிருந்து தலையணை மூட்டையைத் தோளில் சாய்த்து, ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடிதான் அவரிடம் தலையணை வாங்கும் விடுதிக்குப் போவார். போன வாரம் மூட்டை சரிந்து சேற்றில் விழுந்தது.

"இன்னொரு தடவை அழுக்கா வந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு விடுதி மேனேஜர் சொல்லிட்டார்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது வாலுவின் காதில் விழுந்தது. அந்த வேலையும் போனால் என்ன செய்வது?

விடுமுறை நாளில் அவளும் அரைவாலுவும் உடைந்த கட்டிலின் பலகைகளை அறுத்து, மரத்தில் ஒரு கேரியர் செய்து சைக்கிளில் பொருத்தினார்கள். நீளமாக இரண்டு சட்டம், குறுக்கே பட்டைகள். மூட்டை சக்கரத்தில் உரசாமலிருக்க இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. அரைவாலு ஆணியில் அடித்ததைவிட விரலில் அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

"ஓட்டிப் பாத்துடலாம்க்கா."

இருவருக்கும் சீட் எட்டாது. கம்பிக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டுத் தெருவைச் சுற்றி வந்தார்கள். கேரியர் அசையவே இல்லை.

மறுநாள் அப்பா அதில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் வந்தார்.

"ஒரு தலையணையிலகூடத் தூசி இல்ல. மேனேஜர் நாளைக்கும் கொண்டுவரச் சொல்லிட்டார்."

அரைவாலு குதித்தான். வாலு அப்பாவின் கால்களைப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் சிராய்த்திருந்தன.

"என்னப்பா இது?"

"செருப்பு கடிச்சிடுச்சும்மா."

"இவ்வளவு நாள் கடிக்காத செருப்பு இன்னிக்குதான் கடிச்சுதா?"

அப்பா தண்ணீர் குடிக்கப் போனார்.

வாலு சைக்கிளைப் போய்ப் பார்த்தாள். இரண்டு பலகைத் தடுப்பின் முன்மூலையிலும் சிவப்பாகக் கறை இருந்தது. குரங்குப் பெடல் போட்டபோது அவர்களுடைய சின்னப் பாதம் அதுவரை எட்டவில்லை. சீட்டில் உட்கார்ந்து மிதித்த அப்பாவின் குதிகால் ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே இடித்திருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்தது. அப்பா மேல் கோபமும் வந்தது. அவரிடம் ஓடினாள்.

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"இவ்வளவு ஆசையாச் செஞ்சிருக்கீங்க. எப்படிம்மா சொல்றது?"

"உங்களுக்காகத்தானே செஞ்சோம். உங்க காலையே இடிச்சா அது எதுக்கு?"



வாலு அவர் குதிகால்களில் துணியைச் சுற்றினாள். அப்பா தையலுக்குக் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, சுற்றிய துணி மேல் நன்றாகத் தேய்த்தாள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் அவரை ஏற்றி, மிதிக்கச் சொன்னாள். இரண்டு பலகையிலும் வெள்ளைத் தடம் விழுந்தது. அந்தத் தடத்துக்கு ஒரு விரல் தள்ளிக் கோடு போட்டு, ரம்பத்தை வைத்தாள்.

"வெட்டினா அழகு போயிடுமேக்கா," என்றான் அரைவாலு.

"போனாப் போகட்டும். நீ பலகையைப் பிடி."

காலையில் அப்பா மூட்டையோடு கிளம்பினார். இருவரும் சைக்கிளோடு கூடவே ஓடினார்கள்.

"இடிக்குதாப்பா?"

"இல்லம்மா."

வாலு ஓடிக்கொண்டே அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்பா இந்தத் தடவை நிஜத்தைத்தான் சொன்னார்.