அம்மா வந்து எண்ணுகிற வரை

சோடாபுட்டிதான் முதலில் சொன்னான். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, மனதுக்குள் பத்துப் படியும் இறங்கி, தனக்குப் பிடித்த இடத்தின் கதவைத் திறந்து, உள்ளே போய் உட்காரச் சொன்னபோது, மற்ற நாட்களில் உடனே தளர்ந்துவிடும் அவன் கழுத்து அன்று தளரவில்லை. மூடிய இமைகளுக்குள் கண்கள் இங்கும் அங்கும் ஓடின.

"மேடம், உள்ள ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்காங்க."

"யாரு?"

"தெரியல. முதுகு காட்டிட்டு இருக்காங்க."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சை மாதத்தில் பிள்ளைகளின் மனதுக்குள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காருவார்கள். போன வாரம் ஒரு பெண்ணின் கடற்கரைக்கு இயற்பியல் வாத்தியாரே தோளில் துண்டோடு குளிக்க வந்துவிட்டார். அவள் வழக்கம்போல ஒன்றிலிருந்து எண்ணி அவனை மேலே கொண்டுவந்தாள். அவன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி வகுப்புக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் அந்த வாசனை அவளுக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த அறை முன்பு விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்த இடம். எத்தனை தடவை கழுவினாலும் பழைய பந்துகளின் ரப்பர் வாடை போகாத அந்த அறையில், இழுத்துவிட்ட பச்சைத் திரைக்கும் 'டிக் டிக்' என்று ஒரு பக்கம் இடறிச் சுற்றும் மின்விசிறிக்கும் நடுவே, பருவுக்குத் தடவும் களிம்பின் புதினா வாசனை லேசாக நின்றது. சோடாபுட்டியின் முகத்தில் ஒரு பருகூடக் கிடையாது.

அவள் ஹிப்னோதெரபிஸ்ட், பேசியே மனதை உறக்கத்துக்குள் இறக்குகிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் தூக்க மேடம். அது அவளுக்குத் தெரியும், கோபமும் இல்லை. கேள்வித்தாளைப் பார்த்ததும் கை உதறுகிறவர்கள், படித்ததெல்லாம் மறந்து போகிறவர்கள், நாலு நாளாகத் தூங்காதவர்கள் எல்லாரும் அந்தச் சாய்வு நாற்காலிக்குத்தான் வருவார்கள். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணிக் கீழே இறக்குவாள். அடியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் அவரவருக்குப் பிடித்த இடம். அங்கே மணி அடிக்காது, மதிப்பெண் கிடையாது, யாரும் திட்டமாட்டார்கள். ஆழத்துக்குப் போனவர்களுக்குச் சில நேரம் வாய் திறக்க வராது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். நாற்காலியின் மரக்கையை விரலால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. முடிந்ததும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி ஏற்றிவிடுவாள். பதினெட்டு வருஷமாக அதே வார்த்தைகள்.

"ஒண்ணு, கால் விரல் முழிச்சுக்குது. அஞ்சு, நீ படுத்திருக்கற இடம் உன் முதுகுக்குத் தெரியுது. பத்து, கண்ணத் திற. உன் உடம்பு எங்க இருக்கோ அங்க வந்துட்ட."

தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே இரண்டு விதிகள் சொன்னார். இறக்கிவிட்ட ஆளை நீயே ஏற்றிவிடு. உன் வீட்டு ஆளுக்கு இதைச் செய்யாதே. பதினொரு மாதத்துக்கு முன்னால், ஒரே சாயங்காலத்தில், அவள் இரண்டையும் மீறினாள்.

மறுநாள் நகம் கடிக்கிற பெண் வந்தாள். அவளுக்குப் பிடித்த இடம் வீட்டு மொட்டைமாடி. கதவைத் திறந்ததும் அவள் விரல் மரக்கையை இரண்டு தட்டு தட்டியது.

"என்ன இல்ல?"

"மாடி இல்ல மேடம். சின்ன ரூமா இருக்கு. ஒரு அக்கா உட்கார்ந்திருக்காங்க." மூடிய கண்ணோடு அவள் கழுத்தை முன்னால் நீட்டினாள். "பனியன உள்வெளியா போட்டிருக்காங்க. கழுத்துப் பக்கம் லேபிள் வெளில தெரியுது."

தூக்க மேடத்தின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பெண் விழித்துவிடுவாளோ என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த லேபிளை அவளுக்குத் தெரியும்.

அவள் மகளுக்கு வீட்டில் அணில் என்று பெயர். எதைத் தின்றாலும் இரண்டு கையாலும் பிடித்துத் தின்பாள், அதனால் அப்பா வைத்த பெயர். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், நாலு நாளாகத் தூங்காமல், முகமெல்லாம் களிம்போடு, பனியனை உள்வெளியாகப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் வந்து அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். "ஊர்ப் பிள்ளைங்களயெல்லாம் தூங்க வைக்கற. என்ன மட்டும் ஏம்மா விட்டுட்ட?"

எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? கட்டிலில் படுக்க வைத்து இறக்கினாள். அணில் தேர்ந்தெடுத்த இடம் ஒரு சின்ன அறை. ஜன்னல்கூட வேண்டாம் என்றாள். அவள் உள்ளே போய் உட்கார்ந்ததும் கூடத்தில் போன் அடித்தது. யாரோ ஒரு மாணவனின் அம்மா. பையன் பயத்தில் வாந்தி எடுக்கிறான் என்று அழுதாள். "அம்மா வந்து எண்ற வரைக்கும் இங்கயே இருடா" என்று மகளின் காதில் சொல்லிவிட்டுப் போனவள், முக்கால் மணி நேரம் பேசினாள். திரும்பி வந்தபோது அணில் நிஜமாகவே தூங்கிப் போயிருந்தாள். லேசான குறட்டை. நாலு நாள் தூங்காத பிள்ளையை எழுப்பி எண்ணவா? அப்படி விட்டாலும் ஒன்றும் ஆகாது, சாதாரணத் தூக்கமாக மாறி, தானாக எழுந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. போர்வையைப் போர்த்திவிட்டு விளக்கை அணைத்தாள்.

காலையில் அணில் எழுந்தாள், குளித்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒரு கையால் சாப்பிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் பார் என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. பள்ளிக்கு எதிரே, பேருந்து அவ்வளவு ஹார்ன் அடித்தும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையில் நடந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பள்ளியின் பின் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இடுகாடு. வெள்ளை நிற மரப்பெட்டியில் அவளை வைத்து அங்கே புதைத்தார்கள். அணிலின் அப்பா அன்று ஒன்றே ஒன்று கேட்டார். "முந்தின ராத்திரி நல்லா தூங்கினாளா?" "தூங்கினா" என்றாள். அதற்கு மேல் அவள் இன்றுவரை சொல்லவில்லை. தினமும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தினமும் அது தொண்டைவரை வந்து திரும்பிப் போகிறது.

நகம் கடிக்கிற பெண் வந்ததற்கு மறுநாள் ஒட்டடைக்குச்சி வந்தாள். இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்தவள், ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க மேடம், நீங்களும் கூப்பிடுங்க, பரவாயில்ல" என்று தானே சொல்லிச் சிரிக்கிற பெண். பிற்பகல் அவளுக்கு வேதியியல் பரீட்சை. சூத்திரமெல்லாம் பறந்து போகிறது, ஒரு அரை மணி நேரம் மனசை அடக்கிக் கொடுங்கள் என்று வந்திருந்தாள்.

அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தூக்க மேடத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் கதவை உள்ளே தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, களிம்பு வாசனை நெஞ்சுவரை நிறைந்த அந்த அறையில், நடுங்காத குரலுக்காக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் பத்து என்றாள். ஒன்பது என்றாள்.

ஒட்டடைக்குச்சி சுலபமாக இறங்கினாள்.

"கதவத் தொறந்துட்டியா?"

ஒரு தட்டு.

"யாராவது இருக்காங்களா?"

ஒரு தட்டு.

"அவங்க கிட்டப் போ. பயப்படாத. என்ன பண்றாங்க?"

வாய் திறக்க நேரமானது. "முட்டியக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க மேடம். அசையவே மாட்டேங்கறாங்க. அசையக்கூடாதாம்."

"ஏதாவது சொல்றாங்களா?"

"கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க." ஒட்டடைக்குச்சியின் புருவம் சுருங்கியது. "அம்மா போன் பேசி முடிச்சாச்சான்னு."

தூக்க மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். பதினொரு மாதம். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. ஜன்னல் இல்லாத அறையில், முட்டியைக் கட்டிக்கொண்டு, அம்மா இதோ வந்துவிடுவாள் என்று பதினொரு மாதம்.

"முடிச்சுட்டேன்னு சொல்லு" என்றாள், குரல் வந்த பிறகு. "அம்மா வந்துட்டேன்னு சொல்லு. அம்மா எண்ணப் போறேன்."

ஒட்டடைக்குச்சியின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. பிறகு அந்த முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "எந்திரிச்சு நின்னுட்டாங்க மேடம்."

"ஒண்ணு" என்றாள் அவள். "கால் விரல் முழிச்சுக்குது." குரல் தானாக வந்தது. பதினெட்டு வருஷத்துப் பழக்கம், நாக்குக்கு எல்லாமே மனப்பாடம். அழுகையும் எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்தன. "மூணு, காலுக்குப் பலம் வருது. அஞ்சு, நீ படுத்திருக்கற இடம் உன் முதுகுக்குத் தெரியுது. ஏழு, கை ரெண்டும் அசையுது. ஒன்பது, மூச்ச நல்லா இழு. பத்து. கண்ணத் திறடா என் கண்ணு. உன் உடம்பு எங்க இருக்கோ அங்க வந்துட்ட."

ஒட்டடைக்குச்சி கண்ணைத் திறந்தாள். அறையில் களிம்பு வாசனை இல்லை. ரப்பர் வாடைதான் இருந்தது. எங்கிருந்தோ ஒரு பாரம் இறங்கியதுபோல் தூக்க மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாங்க மேடம். ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறிப் போனாங்க. அவ்வளவு சந்தோஷம்." ஒட்டடைக்குச்சி எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "யாரு மேடம் அவங்க?"

"என் பொண்ணும்மா."

"அப்படியா! ரொம்ப நாளா தூங்கிட்டு இருந்தாங்களா?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் வெகுளித்தனத்தோடு கேட்டாள். "இப்ப எங்க கண்ணு முழிச்சிருப்பாங்க?"

தூக்க மேடத்துக்குத் தான் கடைசியாகச் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது.

உன் உடம்பு எங்க இருக்கோ.

மின்விசிறி இடறியது. டிக். டிக். ஒட்டடைக்குச்சி என்னவோ கேட்டாள். கதவின் தாழ் எங்கே இருக்கிறது என்றே அவள் கைக்குத் தெரியவில்லை. பிறகு நடைவழி. பிறகு மைதானம். செருப்பு எங்கோ கழன்றது. வெயில் உச்சியில் நின்றது. பின் மதிலில் சின்ன இரும்புக் கதவு. துருப்பிடித்த கொக்கி. விரல் கிழிந்தது.

மூன்றாவது வரிசை. ஓரத்திலிருந்து இரண்டாவது.

புல் முளைத்திருந்தது. மண் சூடாக இருந்தது. அவள் குப்புறப் படுத்து, காதை மண்ணோடு அழுத்தினாள். எறும்பு ஊர்ந்தது. தன் இதயம்தான் கேட்கிறது என்று முதலில் நினைத்தாள். மண்ணிலிருந்து புதினா வாசனை வந்தது.

"அணிலு" என்றாள். "எந்திரிச்சுட்டியாடா?"

வெகு ஆழத்தில், மரத்தின் மேல், ஒரு தட்டு.

"இருட்டா இருக்கா?"

ஒரு தட்டு.

"மூச்சு விட முடியுதா?"

இரண்டு தட்டு.

அவள் மண்ணைப் பறித்தாள். நகத்துக்குள் மண் ஏறியது. இறுகிப்போன மண், பதினொரு மாத மழையும் வெயிலும் தின்ற மண், வெறும் கைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடி காதை வைத்தாள்.

"அம்மா இங்கதான் இருக்கேன். கேளு. உன்ன மறுபடி அந்த ரூமுக்கே அனுப்பிடறேன். தூங்கிடலாம். சரியா? அம்மா எண்றேன். பத்து."

இரண்டு தட்டு.

"ஒன்பது. சொன்னாக் கேளுடா செல்லம். எட்டு."

இரண்டு தட்டு. இரண்டு தட்டு.

"அம்மா எங்கயும் போகமாட்டேன். சத்தியமா போகமாட்டேன். ஏழு."

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் அம்மா. பரீட்சை மாதம். அந்த மணிச்சத்தம் அவள் வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே அதிர்ந்து கீழே இறங்கியது.

கீழே தட்டு நின்றது. போன் அடிப்பதை அணிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தொடங்கியது. ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. எண்ணிக்கையே இல்லாமல், நிற்காமல், இரண்டு கைகளாலும்.