தொண்ணூற்றொன்பது உயிர்

அணில் நின்றுவிட்டது.

நிற்கக் கூடாத இடம் அது. மரப்பாலத்தைத் தாண்டியதும் எகிறிக் குதித்து எதிர்க்கிளையைப் பிடிக்க வேண்டும். ஆனால் அணில், யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் விட்டால் மட்டும் செய்கிற காரியத்தைச் செய்தது: திரைக்கு இந்தப் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலால் தரையைத் தட்டியது. தட். தட். தட். அந்தக் காலத்துக் கார்ட்டூன் தொடரிலும் தளபதி அணில் இப்படித்தான். வில்லன் வரத் தாமதமானால் நம்மை முறைத்துக் கால் தட்டும். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அவருடைய கட்டைவிரல்கள் மட்டும் கன்ட்ரோலரில் இன்னும் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன. கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று விரல்களை நிறுத்தினார்.

வாத்தியார் என்பது ரசிகர்கள் சூட்டிய பட்டம். பழைய வீடியோ கேம்களை ஓர் உயிர்கூட இழக்காமல் ஆடி முடிக்கும் மகான் அவர். புது கேம் ஆடுகிறவர்களைப் 'பட்டன் தட்டிகள்' என்பார். தம் விரல்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், பெரியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல. அந்தப் பெரியவர்களால் முதல் லெவலின் முதல் பள்ளத்தைத் தாண்ட முடியாது என்பது வீட்டோடு நின்ற விஷயம். அவர் கையிலிருந்த கன்ட்ரோலரின் வயர் மேஜைக்கடியில் எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது. சேர்ந்திருந்த வயர் வேறு. அது சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனது. அங்கே ஒரு குட்டி டிவிக்கு முன்னால் உட்கார்ந்து நிஜமாக ஆடுகிறவன் அவர் மனைவியின் தம்பி.

வாத்தியாருக்கும் ஒரு வித்தை தெரியாமலில்லை. அணில் பாய்ந்தால் தோள் குலுங்கும், குனிந்தால் கழுத்து குனியும், அடிபட்டால் முகம் சுளிக்கும், எல்லாம் கண் இமைக்கும் நேரம் பின்னால். நிலைக்கண்ணாடி முன் மாதக்கணக்கில் பழகியது. இப்போது அவர் நினைக்கக்கூட வேண்டாம். அணில் எதைச் செய்தாலும் உடம்பு தானாகச் செய்துவிடும்.

இன்றைய லைவ் சாதாரணமானதல்ல. ஒரு தொலைக்காட்சிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துப்போனால் அவருடைய கேம் போட்டி நிகழ்ச்சியில் வாத்தியார் நடுவர் நாற்காலியில் அமர்வார். அதற்காகவே சத்தம் கசியாமலிருக்க சாமான் அறைச் சுவரெல்லாம் நேற்று ஃபோம் ஒட்டியாயிற்று. ஜன்னலையும் சேர்த்து.

"மாமா, பசை நாத்தம் தாங்கல. மூச்சு இழுக்குது," என்றான் மைத்துனன் மத்தியானம். "ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் கிழிச்சு விட்டுக்கவா?"

"கிழிச்சா தெருவுல போற வண்டிச் சத்தம் வரும்டா மாப்ள. வீட்டுக்குள்ள பஸ் ஸ்டாண்டானு கேப்பாங்க."

"இன்ஹேலர் அக்கா பையில இருக்கு. அவ வேலையிலேருந்து வந்ததும் ஆரம்பிக்கலாமே."

"டிவிக்காரரு உனக்காகக் காத்திருப்பாரா? முதல் லெவல்லயே அணிலுக்குத் தொண்ணூத்தொம்பது உயிர் சேத்துடுவியே, மூச்சு முட்டினா அதுகிட்ட ஒண்ணு கைமாத்தா வாங்கிக்க."

தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்து, கதவை வெளியே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். போன மாதம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பயலின் நிழல் லைவில் விழுந்துவிட்டது. பூட்டு அதிலிருந்து வந்த ஏற்பாடு.

தட். தட். தட்.

'என்னாச்சு வாத்தியாரே?' என்று கமென்ட் ஓடியது. 'கை நடுங்குதா?'

"எல்லாரும் இங்கதான் அவசரப்படுவாங்க," என்றார் கேமராவைப் பார்த்து, கண்களைப் பாதி மூடி. "நான் நிப்பேன். அணிலும் நானும் சேந்து மூச்சு விடுவோம். அதுக்குப் பேருதான் பயிற்சி."

இதயங்கள் பறந்தன.

அப்போதுதான் சுவரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஏதோ மூட்டை சாய்ந்ததுபோலப் பொத்தென்று ஓர் ஓசை, பிறகு ஃபோமை நகத்தால் பிறாண்டுகிற, தலையணைக்குள் எலி ஓடுவதுபோன்ற ஒரு சரசரப்பு, அது சுவரின் நடுவிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையோரமாக வந்து, வயர் வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஓட்டை வழியாகப் பசை நாற்றத்தோடு ஒரு விசிலாக, உடைந்த புல்லாங்குழலை யாரோ உள்ளிழுத்து ஊதுவதுபோல, நீளமாக, இன்னும் நீளமாக வந்தது. வாத்தியார் கேமின் இசையைக் கூட்டினார். பையிலிருந்த சாவி தொடையில் குத்தியது. எழுந்தால் கன்ட்ரோலரைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் செத்த வயர் தெரியும். நாற்காலி போகும். சேனல் போகும். வாத்தியார் போவார்.

காலை நீட்டினார். செருப்பின் நுனியால் ஓட்டையை அடைத்தார்.

விசில் நின்றது.

அணில் கால் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கைகளைப் பிரித்தது. திரும்பியது. எகிறிக் கிளையைப் பிடித்தது.

'நடிச்சிருக்கான் ராஸ்கல்' என்று நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

அதன்பின் அணில் ஆடியதுபோல அது என்றும் ஆடியதில்லை. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே நூல் கோப்பதுபோலப் போயிற்று. ராட்சசக் கழுகின் முதுகில் நடந்தது. லெவல் மேல் லெவல் முடிந்தது. 'தெய்வமே!' என்றது கமென்ட். தொலைக்காட்சிக்காரரே ஒரு கைதட்டல் அனுப்பினார். வாத்தியார் புன்னகைத்தார். புன்னகைத்தபடியே கீழே பார்த்தார்.

அவர் விரல்கள் கண் இமைக்கும் நேரம்கூடப் பின்தங்கவில்லை. அணிலோடு சேர்ந்தே போயின.

வாசல் கதவு திறந்தது. மனைவி. சாமான் அறைப் பூட்டில் அவளுடைய சாவி திரும்பியது. பிறகு ஃபோம் முழுங்கியது போக மிஞ்சிய ஓர் அலறல்.

கேமராவுக்குத் தெரியாத மூலையில் வந்து நின்றாள். கையில் கன்ட்ரோலர். அதன் வயர் பிடுங்கப்பட்டு அவள் காலடியில் இழுபட்டது.

"ஜில்லுனு கெடக்கான்ங்க," என்றாள். "எப்பவோ போயிட்டான். இத நெஞ்சோட கட்டிப்பிடிச்சிட்டு… விரலு… விரல ஒவ்வொண்ணா பிரிச்சேன்."

திரையில் அணில் ஒரு பள்ளத்தைத் தாண்டியது.

"இன்னும் என்னத்த ஆடுறீங்க! நிறுத்துங்க!"

நிறுத்தத்தான் பார்த்தார். விரல்கள் நிற்கவில்லை. அணில் குனிந்தது. கழுத்து குனிந்தது. அணில் நின்றது. திரும்பியது.

அவரைப் பார்த்தது.

தட். தட். தட். மேஜைக்கடியில் அவருடைய கால்.

பிறகு அணில் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கித் தன் தொண்டையில் வைத்தது.

இப்படி ஓர் அசைவு இந்த கேமில் கிடையாது. அவருக்குத் தெரியும். எல்லா அசைவும் பழகியவர்.

கன்ட்ரோலர் தரையில் விழுந்தது. கைகள் எழுந்தன. தொண்டைக்கு வந்தன. நெஞ்சு இழுத்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை. பசை நாற்றம். அது மட்டும். பல்லிடுக்கில் விசில். உடைந்த புல்லாங்குழல்.

'என்னா நடிப்பு!' என்றது கமென்ட். இதயங்கள். இதயங்கள்.

நாற்காலி சரிந்தது. மனைவி அவர் கைகளைப் பிரித்தாள். பிரிந்த கைகள் திரும்பி வந்தன. திரையில் அணிலின் கண்கள் இரண்டும் பெருக்கல் குறிகளாயின. துள்ளி எழுந்தது. திரையின் அடியில் விழுந்து மறைந்தது.

இருட்டு.

குழந்தைகளுக்கான அந்தக் குதூகல இசை மறுபடி தொடங்கியது. நெஞ்சுக்குள் காற்று சடாரென்று பாய்ந்தது. கண் திறந்தது. மனைவியின் முகம். அவளுக்குப் பின்னால் திரை. திரையின் மூலையில் மாறிய உயிர்க் கணக்கு.

98.

அணில் மீண்டும் நின்றுகொண்டிருந்தது. திரும்பி நின்றது. தட். தட். தட்.

கைகளைத் தூக்கியது.