சத்தமில்லாத சக்கரம்

பாலத்தின் நடுவே வந்தபோதுதான் சிஸலுக்கு உறைத்தது. சக்கரம் கிறீச்சிடவில்லை.

குழந்தை வண்டியின் இடப்பக்க முன்சக்கரம், வாங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிடும். அந்தச் சத்தத்தோடுதான் அவள் கோபன்ஹேகனையே தெரிந்துகொண்டாள். அவளும் கணவனும் மேற்கே யூட்லாந்திலிருந்து கோடையில் குடிவந்தார்கள். வந்த கையோடு மகள் எல்னா பிறந்தாள். உருளும் வண்டியில் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் பிடிக்கும். அதனால் சிஸல் நடந்தாள். தார் மணக்கும் படகுத்துறைகள், பழைய கிடங்குகளின் முதுகுப்புறம், துறைமுகத்துக்குள் ஓடிக் கலக்கும் கால்வாய்க் கரைகள். முன்னே 'கிறீச்' போக, பின்னே அவள்.

இன்று அது இல்லை.

'ஆங்கர் ஒருவழியாக எண்ணெய் போட்டுவிட்டான் போலிருக்கிறது' என்று கணவனை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். கோட்டுப் பையில், குழந்தையின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்கவைக்கும் பேபி மானிட்டர் கதகதப்பாக இருந்தது. அதன் ஜோடி வண்டிக்குள், எல்னாவின் தலையணைக்கு அருகில் இருக்கிறது. காதில் வைத்துப் பார்த்தாள். சீரான, சின்ன மூச்சு. நல்ல தூக்கம்.

வண்டியின் கூண்டுத்துணியை விலக்கி ஒரு பார்வை பார்க்கலாம்தான். ஆனால் சற்றுமுன் காபிக்கடையில் அதற்காகத்தான் தோழி தோவயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"உக்காருடி! ஊரே குழந்தையை வெளியில தூங்க வச்சுட்டுத்தான் காபி குடிக்குது. உன் பொண்ணை மட்டும் கடற்காக்கை கொத்திட்டுப் போயிடுமா?"

"இல்ல தோவ, குளிர்..."

"குளிர்லதான் நல்லாத் தூங்கும். என் விகோ குறட்டையே விடுறான், அப்படியே அவங்கப்பன். நீ அந்தத் துணியைத் தூக்குற ஒவ்வொரு தடவையும் உன் பொண்ணு முழிச்சுக்கிறா. அப்புறம் ராத்திரி தூக்கமே இல்லைன்னு எங்கிட்ட வந்து அழுற."

கடை முழுவதும் சிரித்தது. ரோஷத்தில் சிஸல் அதற்குப்பின் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போதும் பார்க்கவில்லை. கரைச்சுவரை ஒட்டி, மூடுபனிக்குள், ஒரே மாதிரியான நீல வண்டிகள் வரிசையாக நின்றன. தான் விட்ட இடத்தில் நின்றதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வீடு இரண்டு தெருதான். என்றாலும் எல்னா இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று பாலத்தைத் தாண்டிக் கரையோரமாகச் சுற்றிப் போக நினைத்தாள்.

மதியம் முடியுமுன்பே இருட்டிவிடும் டிசம்பர். கரையோர வீடுகளின் ஜன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அந்த வெளிச்சமெல்லாம் கால்வாயின் கருத்த நீரில் நீண்டு, நெளிந்து, படகுகளின் வயிற்றுக்கடியில் போய் மறைந்தது. எங்கோ ஒரு பாய்மரத்தில் கயிறு தட்டிக்கொண்டிருந்தது. பாசி வாடை வந்தது. துறைமுக வாடைதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் காற்று முதுகுப்பக்கமிருந்து வீசியது. வாடையோ முன்னாலிருந்து வந்தது.

வண்டி கனத்தது.

பாலத்தைவிட்டு இறங்குகிறோம், இறக்கத்தில் எப்படிக் கனக்கும்? நின்று திரும்பிப் பார்த்தாள். வந்த வழியெல்லாம் கல்தரையில் ஈரக்கோடு. வண்டியின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்.

கீழே சக்கரத்தைப் பார்த்தாள். அது நின்றுகொண்டிருந்தது.

கிறீச். கிறீச்.

சத்தம் கோட்டுப் பையிலிருந்து வந்தது.

யாரோ எல்னாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மானிட்டரை எடுத்துக் காதில் வைத்தாள். குழந்தையின் மூச்சுக்கு மேலாக மெல்லிய முனகல் பாட்டு ஒன்று கேட்டது. சொல் எதுவும் இல்லாத பாட்டு. எல்னாவைத் தூங்கவைக்க சிஸல் தானாகக் கட்டியது. வேறு யாருக்கும் தெரியாதது.

பிறகு தோவயின் குரல், தூரத்திலிருந்து: "ஏய் சிஸல்! நீ போயிட்டேன்னுல்ல நினைச்சேன்!"

"கையுறையை வச்சுட்டுப் போயிட்டேன்டி, எடுத்துட்டேன்" என்று பதில் வந்தது.

சிஸலின் குரல்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். வெறுங்கை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கையுறைகளைக் கடை மேசையில்தான் விட்டுவந்திருந்தாள்.

"தோவ! அது நான் இல்லடி!" என்று மானிட்டருக்குள் கத்தினாள். அதில் கேட்க மட்டும்தான் முடியும்.

திரும்பி ஓடினாள். வண்டியை விட்டுவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் உள்ளே யாருடைய குழந்தையோ. தண்ணீர்க்கரையில் எப்படித் தனியாக விடுவது? துணியை விலக்கிப் பார்க்கவும் துணிவு வரவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினாள். கரடுமுரடான கல்தரையில் வண்டி குலுங்கவில்லை. சத்தமே இல்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது.

கடை வாசலில் தோவ, விகோவின் வண்டிக்குத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தோவ! எல்னா எங்கடி? எந்தப் பக்கம் போனா அவ?"

தோவ நிமிர்ந்தாள். முகத்தில் அடையாளம் கண்ட சாயலே இல்லை. சட்டென்று தன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நீங்க யாருங்க?"

"விளையாடாதடி! நான் சிஸல்!"

"சிஸல் இப்பதான் வீட்டுக்குப் போறா." தோவயின் குரல் இறங்கியது. "ஐயோ, என்னங்க இது, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட... தண்ணியில விழுந்துட்டீங்களா? இருங்க, உள்ள போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்."

விகோவின் வண்டியையும் இழுத்துக்கொண்டு கடைக்குள் ஓடினாள். உள்ளிருந்து தாழ் விழுந்தது.

சிஸல் தன் கூந்தலைத் தொட்டாள். தண்ணீர் வழிந்தது. உதட்டில் உப்பு. கோட்டின் மடிப்பில் பாசி.

மானிட்டரில் படிக்கட்டுச் சத்தம். அவளுடைய வீட்டுப் படிக்கட்டு. கதவு திறந்தது.

"வாங்க வாங்க, ரெண்டு பேரும் குளிர்ல விறைச்சிருப்பீங்களே" என்றான் ஆங்கர். "என்ன சொல்றா என் ராணி?"

"தூங்குறா. மெதுவாப் பேசு."

"ஆச்சரியமா இருக்கே! நீ துணியைத் தூக்கிப் பாக்கலையா?"

"இல்ல." சிரிப்பு. "பாக்காம இருந்தா நல்லாத் தூங்குறா."

எல்னா ஒருமுறை சிணுங்கினாள். ஷ்ஷ், என்றது அந்தக் குரல். துணி உரசியது. யாரோ அங்கிருந்த மானிட்டரைக் கையில் எடுக்கும் சத்தம்.

"எல்னா!" என்று கத்தினாள் சிஸல்.

டக்.

மானிட்டரின் பச்சை விளக்கு அணைந்தது.

வீட்டுக்கு ஓட வேண்டும். இரண்டே தெரு. கைப்பிடியிலிருந்து கையை எடுக்கப்போனாள்.

வரவில்லை.

கூண்டுத்துணியின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு, வெளுத்துச் சுருங்கிய குட்டி விரல்கள் நீண்டிருந்தன. வெகுநாள் நீரில் ஊறிய விரல்கள். அவை அவளுடைய சுட்டுவிரலைப் பற்றியிருந்தன. பிறந்த குழந்தை பற்றுவதுபோல. இறுக்கமாக. ஆசையாக.

வண்டி நகர்ந்தது. தானாக. சத்தமில்லாமல்.

கரைச்சுவரின் இடைவெளி. கால்வாய்க்குள் இறங்கும் கல்படிகள். பாசி வழுக்கும் முதல் படியில் சக்கரம் இறங்கியது. பிறகு அடுத்தது. கணுக்காலைத் தண்ணீர் தொட்டது. குளிரவே இல்லை.

சிஸல் கீழே பார்த்தாள்.

கருத்த நீருக்கடியில், வெகு ஆழத்தில், ஒரு ஜன்னல் தெரிந்தது. யாருக்காகவோ காத்திருப்பதுபோல் அதில் ஒரு மெழுகுவத்தி, அசையாமல், எரிந்துகொண்டிருந்தது.