இரண்டாவது வாளி

சளார்!

தலையில் விழுந்தது தண்ணீர் என்று புரியவே நேலாவுக்கு ஒரு நொடி ஆனது. பனிக்கட்டியைக் கரைத்து ஊற்றியது போன்ற தண்ணீர்... முடி வழியாக இறங்கி, கழுத்துக்குள் நுழைந்து, முதுகு முழுக்க ஓடி, கடைசியில் காலுறைக்குள் போய் நின்றது.

"ஐயோ... அம்மா!"

இரண்டடி பின்னால் வந்த போக்னாவும் ஹனியாவும் ஒரு துளிகூட நனையவில்லை. முதுகுப்பைகளோடு நடுத்தெருவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நேலா அண்ணாந்து பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் ஒரு சிவப்பு வாளி. அதற்கு மேலே ஒரு முகம். அந்த முகத்தில் இரண்டு கண்கள்... ஏப்ரல் மாதத்து விஸ்துலா ஆறு மாதிரி, சாம்பலா பச்சையா என்று சொல்லிவிட முடியாத கண்கள். அவளைப் பார்த்ததும் அவை அப்படியே விரிந்தன. பயத்தில்!

"கடவுளே... நீங்க இல்ல! நீங்க இல்ல!"

"நான் இல்லன்னா? அப்ப இங்க நனைஞ்சு நிக்கிறது யாரு, உங்க தாத்தாவா?"

ஜன்னல் காலியானது. மரப்படிகள் தடதடத்தன. ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் துண்டோடு வாசலுக்கு ஓடி வந்தான் அவன். ஒல்லியான உயரம். கலைந்த முடி. விரல் நகங்களில் நீல வண்ணம் ஒட்டியிருந்தது.

"மன்னிச்சிடுங்க... இந்த மஞ்சள் மழைக்கோட்டு... மேலேருந்து பார்க்க அப்படியே எங்க அத்தை மாதிரியே இருந்தீங்க."

போக்னா சிரிப்பை நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொள்ள மட்டும்.

"அத்தையா?" என்றாள் நேலா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்களுக்கு என்ன வயசு?"

"போன மாசம்தான் அறுபத்திமூணு..."

இருபத்திமூன்று வயது நேலா, துண்டைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறிந்தாள்.

அன்று ஈஸ்டர் திங்கள். கிராக்கோவில் மட்டுமா, போலந்தில் எந்த ஊரிலுமே அன்றைக்குப் பெண்கள் நனையாமல் வீடு திரும்புவதில்லை. மனசுக்குப் பிடித்தவளைத் தேடிப் போய் நனைப்பார்கள் பையன்கள். ஒருவரும் நனைக்காத பெண்ணைத்தான் ஊர் பாவமாகப் பார்க்கும். அது நேலாவுக்கும் தெரியும். அதனால்தான் கோபமே. ஒருத்தன் ஒரு வாளி முழுக்க ஊற்றினான்... அதுவும் அவளுக்கு இல்லையாம்!

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் கன்னிமடத்து மணி அடிக்க, பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். அதே மஞ்சளில் அதே மழைக்கோட்டு. பின்னாலிருந்து பார்த்தால்... சரி, உண்மையைச் சொல்ல வேண்டுமே, நேலாவைப் போலத்தான் இருந்தாள்.

"டேய் யூலெக்! என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"அத்தை, உனக்கு வச்ச வாளி..."

"எனக்குத்தான்னு தெரியும்டா. வருஷா வருஷம் காலையில உன் படுக்கையில நான் ஊத்தறேன்ல, அதுக்குப் பழி!" தெரேசா அத்தை நேலாவின் குளிர்ந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயய்யோ, ஐஸாட்டம் இருக்கு! வாங்கடி பொண்ணுங்களா மேல. சூப்பு சூடா இருக்கு. இந்த மாடு செஞ்ச தப்புக்கு நான் சோறு போடறேன்."

"வேண்டாம்மா, நாங்க..." என்று நேலா ஆரம்பிப்பதற்குள் போக்னா பாதிப் படி ஏறிவிட்டிருந்தாள்.

அடுப்படியில் ரொட்டி வாசனை. நேலாவின் துணிகள் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கின. அவள் உடம்பில் யூலெக்கின் சாம்பல் நிற ஸ்வெட்டர். கை நீளம்... விரல்கள் வெளியே தெரியவில்லை. அதில் வண்ணப்பூச்சு வாசனையும், வேறு ஏதோ ஒரு வாசனையும். அந்த இன்னொன்று என்ன என்று மூக்கு தேடுவதை உணர்ந்ததும், நேலா சட்டென்று தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

சே... என்ன இது! நேற்று ரயிலில் என்ன சத்தியம் செய்தாள்?

லூப்ளினிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். "இந்தப் பயணம் முடியற வரைக்கும் எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன். பார்த்தா உங்க ரெண்டு பேர் பையையும் சேர்த்து நானே சுமக்கிறேன்!" காரணம் தோழிகளுக்குத் தெரியும். கோன்ராத். மூன்று வருஷம் கூடவே சுற்றியவன், போன வசந்தத்தில், "பழைய காதலி திரும்பி வந்துட்டா நேலா... நீ ரொம்ப நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனவன். வேறொருத்திக்கான இடத்தில் தற்காலிகமாக உட்கார வைக்கப்பட்டவள் அவள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

இப்போது வாளித் தண்ணீர்கூட வேறு யாருக்கோ வந்தது.

"இன்னும் கொஞ்சம் சூப்பு?" யூலெக் கரண்டியோடு நின்றான்.

"இதாவது எனக்கா, இல்ல இதுவும் அத்தைக்கா?"

அவன் காது மடல் சிவந்தது. "இது... உங்களுக்குத்தான். முட்டை ரெண்டு போட்டிருக்கேன்."

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு பசிக்கு. இன்னொண்ணு மன்னிப்புக்கு."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள் நேலா. உதடு கேட்கவில்லை. கன்னத்தில் குழி விழுந்ததை அவன் பார்த்துவிட்டான். கரண்டி பாத்திரத்தில் மோதி டங்கென்றது. ஹனியா, போக்னாவின் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.

மதியம் எல்லாரும் எமவுஸ் என்னும் ஈஸ்டர் சந்தைக்குக் கிளம்பினார்கள். கன்னிமடத்தைச் சுற்றிய தெரு முழுக்கக் கடைகள். இஞ்சி ரொட்டி இதயங்கள், மரப் பொம்மைகள், களிமண் மணிகள்... யாரைப் பார்த்தாலும் கையில் தண்ணீர்த் துப்பாக்கி! போக்னாவை ஒரு மாணவர் கூட்டமே துரத்தியது. அவள் ஓடுவதுபோல் நடித்து நன்றாக நின்று நனைந்தாள். ஹனியாவின் மூக்குக் கண்ணாடியில் துளிகள்.

நேலாவும் யூலெக்கும் மெல்ல நடந்தார்கள்.

"நகத்துல என்ன நீலம்?"

"படகு வண்ணம். ஆத்துத் துறையில வேலை. குளிர்காலம் முடிஞ்சா எல்லாப் படகுக்கும் புதுச் சட்டை போடணுமில்ல..."

"படகுக்குச் சட்டை போடறீங்க. மனுஷங்களை மட்டும் நனைச்சு விடறீங்க."

"அது இன்னிக்கு மட்டும்தாங்க!"

அவன் கையிலும் ஒரு சின்னத் தண்ணீர்த் துப்பாக்கி இருந்தது. ஒருமுறை அதைத் தூக்கினான். நேலாவின் இதயம் எகிறியது. 'இதோ... இப்போது...' அவள் கண்ணைக்கூட லேசாக மூடிக்கொண்டாள். ஒன்றுமே விழவில்லை. கண் திறந்தபோது அவன் துப்பாக்கியைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓ... அப்படியா. நினைத்து ஊற்றுவதற்கு நான் ஆள் இல்லை. தவறிப்போய் ஊற்றத்தான்.

உள்ளே ஏதோ ஒன்று சுருங்கிக்கொண்டது. அப்போதுதான் அவன் ஒரு கடையில் நின்று, கட்டைவிரல் அளவு களிமண் மணி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நீலக் கோடு போட்ட மணி. உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அது மெல்லக் கிணுகிணுத்தது.

"இது யாருக்கு? இதுவும் அத்தைக்கு வாங்கினதா?"

சொன்ன பிறகுதான் குரலில் இருந்த முள் அவளுக்கே தெரிந்தது. ஆற்று நிறக் கண்கள் அணைந்து போயின.

"சரி... அத்தைக்கே குடுத்துடறேன்," என்றான் மெதுவாக. "நாளைக்கு எப்பக் கிளம்பறீங்க?"

"காலையில. போஸ்னானுக்கு."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க."

கூட்டத்துக்குள் போய்விட்டான். மழை தூற ஆரம்பித்தது. 'நல்லதுதான், முகத்தில் எது மழை, எது வேறு என்று யாருக்கும் தெரியாது,' என்று நினைத்துக்கொண்டாள் நேலா.

செவ்வாய்க்கிழமை காலை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூவரும் பையோடு டிராமுக்காக நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் ரொட்டிக் கடைப் பெண் ஒருத்தி, சைக்கிளில் போன ஒருவன் மேல் குவளைத் தண்ணீரை வீசிவிட்டுக் கடைக்குள் ஓடினாள். அவன் நனைந்த முகத்தோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பாருடி! நேத்துப் பையன்க முறை, இன்னிக்கு நம்ம முறை," என்றாள் போக்னா. "கிளம்பற அன்னிக்குப் போய் நமக்கு முறை வருது பாரு."

நேலா டிராம் வரும் பக்கத்தையே பார்த்தாள். ஹனியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"நேத்து நான் அவன்கிட்டக் கேட்டேன். 'எல்லாரும் எல்லாரையும் நனைக்கிறாங்க, நீ ஏன் நேலா மேல ஒரு சொட்டுகூடத் தெளிக்கல'ன்னு."

"என்ன... என்ன சொன்னான்?"

"'ஒரு தடவை அவங்களைக் கேக்காமலே நனைச்சு, குளிர்ல நடுங்க விட்டுட்டேன். இனி அவங்க சம்மதம் இல்லாம ஒரு சொட்டு விழாது... ஆனா கேக்கத்தான் தைரியம் வரல'ன்னான்."

"ஏன்டி இதை நேத்தே சொல்லல?"

"ஏறெடுத்தே பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவகிட்ட என்னத்தச் சொல்ல?"

டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது. நேலா ஏறவில்லை. அப்படியே நின்றாள். உள்ளே இரண்டு நேலாக்கள் மல்லுக்கு நின்றார்கள். 'ஏறிடு, மறுபடி அடி வாங்காதே' என்றாள் ஒருத்தி. 'அந்த மணி யாருக்கு வாங்கினதுன்னு உனக்கே தெரியும்டி' என்றாள் இன்னொருத்தி.

கதவு மூடியது. டிராம் போய்விட்டது.

நேலா மெல்லக் குனிந்து, போக்னாவின் பையை எடுத்து ஒரு தோளில் மாட்டினாள். ஹனியாவின் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

"ஏய்... என்னடி பண்றே?"

"சத்தியத்துல தோத்துட்டேன்டி!" என்று கத்திவிட்டு, மூன்று பையோடு ஓடினாள்.

ஒட்டகம் ஓடுவதுபோல் இருந்திருக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! கன்னிமடம் தாண்டி, வளைவு தாண்டி, அந்த வாசலில் போய் நின்றபோது அவளுக்கு மூச்சே இல்லை. பைகளைத் தொப்பென்று போட்டாள். தண்ணீர் பாட்டிலை உருவினாள். பாதிகூட இல்லை.

கதவைத் திறந்த தெரேசா அத்தை அவளைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"இத்தனூண்டுதானா? இரு."

உள்ளே போனவள் சிவப்பு வாளியோடு வந்தாள். ததும்பத் ததும்ப.

"கோட்டு மாட்டிக்கிட்டிருக்கான். இப்ப இறங்கிடுவான். ஓரமா நில்லு." வாளியை நேலாவிடம் கொடுத்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள் அறுபத்திமூன்று வயது அத்தை.

படிகளில் காலடி. கூடவே... கிணுகிணு... கிணுகிணு...

யூலெக் வாசலில் காலை வைத்தான்.

சளார்!

"ஆ...!" கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவன், வாளியோடு நிற்பவளைக் கண்டு சிலையானான். உதடு மட்டும் அசைந்தது. "நேலா... அத்தைன்னு நினைச்சு ஊத்திட்டீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. ஆள் மாறல. உனக்குத்தான் யூலெக். முழு வாளியும் உனக்குத்தான்."

அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அந்த மணியை எடுத்தான்.

"அத்தைக்குக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டாங்க. 'யாருக்கு வாங்கினியோ அவகிட்டப் போய்க் குடுடா மாடே'ன்னாங்க. ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பினேன்... நேலா, முதல் வாளி தப்பாத்தான் விழுந்துச்சு. ஆனா நீ அண்ணாந்து பார்த்தியே, அதுக்கப்புறம் நான் நினைச்சது எதுவுமே வேற யாருக்கும் இல்ல."

மணி அவள் உள்ளங்கைக்கு மாறியது. அவன் விரல்களும் அங்கேயே தங்கிவிட்டன.

தெருமுனையில் போக்னாவும் ஹனியாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "ஏய், ரயில்..." என்று ஆரம்பித்த போக்னாவின் வாயை ஹனியா பொத்தினாள். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"டேய், ராத்திரி பூரா கேட்டுட்டுத்தான் ஊத்துவேன்னு புலம்பினியே... கேளுடா!"

யூலெக்கின் காது மடல்கள் சிவந்தன.

"நனைக்கட்டுமா?"

நேலா முகத்தை அண்ணாந்து, கண்களை மூடிக்கொண்டாள்.

"ம்..."

அவன் குனிந்து, ஈரத் தலையைச் சிலுப்பினான். ஒரு சொட்டுகூட வேறெங்கும் போகவில்லை.