வெள்ளித் தட்டும் புலிக்குத்திக் கல்லும்

விடிந்தும் விடியாத ஐந்தே முக்கால் மணிக்கு வழிகாட்டி ஜோஷ்வா ரயில் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் கத்தரிக்காய் போல வீங்கியது. அந்த ஒரு பிசகால்தான் மருதமுத்து காட்டுக்குள் போக வேண்டியதாயிற்று.

கானகராணி சாதாரண ரயில் இல்லை. ஐந்து நாள் பயணம். காலையில் காடு, மாலையில் கோயில், நடுவில் ஓயாத சாப்பாடு. அறைக்கு அறை அகலக் கட்டில், சுடுதண்ணீர்த் தொட்டி, தலையணை மேல் தினம் ஒரு தாமரைப்பூ. அந்தத் தாமரையை வைப்பவன்தான் மருதமுத்து. உசிலம்பட்டிக்காரன், வயது முப்பத்தாறு, மூன்றாம் பெட்டியின் அட்டெண்டர்.

தாமரையை விட அவன் புலிக் கதைக்குத்தான் மவுசு அதிகம். மாலை டீயைக் கொடுக்கும் கையோடு ஆரம்பிப்பான். "மூங்கில் அசைஞ்சுது சார். காத்து துளி இல்லை. அப்போ எப்படி அசையுது?" என்று நிறுத்துவான். கேட்பவர் கையிலிருக்கும் பிஸ்கட் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிடும். ஆறு வருடமாக இது நடக்கிறது. ஆனால் விருந்தினர்கள் காட்டைச் சுற்றும் நேரத்தில் அவன் ரயிலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பான். வாழ்நாளில் அவன் ஒரு புலியைக்கூடப் பார்த்ததில்லை.

இது மேனேஜர் சம்பந்தமூர்த்திக்குத் தெரியாது.

"ஜோஷ்வாவுக்குப் பதிலா நீ போ. புலியைப் பத்தி உன்னை விடத் தெரிஞ்சவன் இந்த வண்டியில யாரு?" என்றார். மறுத்தால் ஆறு வருடக் கதையும் அம்பலமாகும். "சரிங்க சார்" என்றான்.

"பத்தரைக்கு வண்டி கிளம்பும். நமக்காக லைனை நிறுத்தி வைக்க மாட்டாங்க. பத்தரைன்னா பத்தரைதான்."

சமையல் பெட்டியிலிருந்து பெரிய பிரம்புக் கூடை ஒன்று ஜீப்பில் ஏறியது. உள்ளே பட்டர் பேப்பரில் சுற்றிய சாண்ட்விச், அன்னாசி கேக், கேக் வெட்டும் கத்தி, சூப் கரண்டி, நான்கு வெள்ளித் தட்டுகள், கஞ்சி போட்ட மேசை விரிப்பு. புலி பார்க்கப் போகிறவர்கள் கௌரவமாகச் சாப்பிட வேண்டும் என்பது கானகராணியின் கொள்கை.

மூன்று ஜீப்புகள் கிளம்பின. மருதமுத்துவின் ஜீப்பில் மூன்று விருந்தினர்கள். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் பிச்சையாண்டி, மடியில் ஒரு முழ நீள லென்ஸ் வைத்த காமிராவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சௌந்தரவல்லி. பின் சீட்டில் எஸ்தர் பொன்மணி, நாசரேத்தில் முப்பத்தைந்து வருடம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வனத்துறைக் காவலர் பொம்மன். பிறந்ததே இந்தக் காட்டில்தான். பேசுவது குறைவு.

"இருபத்திரண்டு வருஷமா ஒரே புலிப் படத்தைத்தான் காலண்டர்ல போடுறேன். மளிகைக் கடைக்காரங்களே கேலி பண்றாங்க. இன்னிக்குப் புதுப் புலி வேணும், மருதமுத்து" என்றார் பிச்சையாண்டி.

"எனக்குப் புலி வேண்டாம்" என்றார் சௌந்தரவல்லி. கைப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தார். கையால் வரைந்த படம். ஓடை, குளம், காவல் கோபுரம், கோபுரத்திலிருந்து தெற்கே முப்பது தப்படியில் ஒரு பெருக்கல் குறி.

"எங்க அப்பா சர்வேயர். இந்தக் காட்டை அளக்க வந்தப்போ இங்க ஒரு புலிக்குத்திக் கல்லைப் பார்த்திருக்கார். புலியோட சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு ஊர்க்காரங்க நட்ட கல். அதுலயே ரெண்டு வரி எழுத்து. அதைப் படியெடுக்க அன்னிக்கு அவர்கிட்டப் பேப்பர் இல்லை. அப்புறம் வரவே முடியலை. நானும் முப்பத்தொரு வருஷமா இவரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டே இருக்கேன்."

"கல்லு எங்கேயும் ஓடாதுன்னு சொன்னேன். தப்பா?" என்றார் பிச்சையாண்டி.

இரண்டு பேரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள். கணவருக்குப் புலி, மனைவிக்குக் கல். இருப்பதோ ஒரே காலை. மருதமுத்து பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தான்.

"கவலைப்படாதீங்க சார். அந்தக் குளம்தான் புலிக்குப் பிடிச்ச இடம். நானே மூணு தடவை அங்க பார்த்திருக்கேன். போன வருஷம்கூடத் தண்ணி குடிச்சிட்டு இருந்துச்சு."

பொம்மன் கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

வழியெல்லாம் மான்கள் நின்று பார்த்தன. ஒரு காட்டெருமை பாதையை அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசை போட்டது. பிச்சையாண்டி ஹாரன் அடிக்கச் சொன்னார். "அது அவர் ரோடு சார்" என்றார் பொம்மன். அது நகர்ந்த பிறகு மேலும் ஒரு மணி நேரம் ஏறி இறங்கி, எட்டு மணிக்கு ஓடையில் இறங்கினார்கள். நட்டநடுவில் பின்சக்கரம் மணலுக்குள் புதைந்தது.

பொம்மன் முடுக்கினார். சக்கரம் சுற்றியது. சேறு வாரி அடித்து மருதமுத்துவின் வெள்ளைச் சட்டையும் தங்கப் பொத்தானும் ஒரே நிறமாயின.

"கல்லு எதையாவது கீழே குடுங்க" என்றார் பொம்மன். ஓடையில் இருந்ததெல்லாம் கோழிமுட்டை அளவு கூழாங்கல். எஸ்தர் பொன்மணி சுற்றிலும் பார்த்தார். பிரம்புக் கூடையைத் திறந்தார்.

"சிஸ்டர், அது விருந்துத் தட்டு" என்றான் மருதமுத்து.

"சக்கரத்துக்கு இப்போ விருந்துதான் வேணும். தம்பி, பிடி."

நான்கு வெள்ளித் தட்டுகளும் சக்கரத்துக்குக் கீழே போயின. கஞ்சி போட்ட மேசை விரிப்பு அவற்றின் மேல் போயிற்று. மூன்று பேர் பின்னாலிருந்து தள்ள, சௌந்தரவல்லி உள்ளே உட்கார்ந்து முருகனைக் கூப்பிட, பதினைந்து நிமிடத்தில் ஜீப் கரையேறியது. தட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். இனி அவற்றில் சாதம் போட முடியாது. குழம்பு ஊற்றலாம், அந்த ஆழத்துக்குக் குழிந்திருந்தன.

கரையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் பொம்மன் வாய் திறந்தார்.

"தம்பி, போன வருஷம் எந்த மாசம் பார்த்தீங்க?"

"சித்திரைன்னு நினைக்கிறேன் அண்ணே."

"அந்தக் குளம் மூணு வருஷமாக் காய்ஞ்சு கிடந்துச்சு. இந்த ஐப்பசி மழைக்குத்தான் தண்ணி வந்திருக்கு."

எல்லோரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள். வேறொரு கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் முழங்கால் வரை சேற்றில், கையில் நெளிந்த தட்டோடு நின்றபோது, பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"நான் புலியே பார்த்ததில்லை சார். எங்க வீட்டுக் காலண்டர்ல இருக்கிற புலியைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன். வேலையை விட்டு எடுத்துடாதீங்கன்னு நீங்கதான் மேனேஜர்கிட்டச் சொல்லணும்."

பிச்சையாண்டியின் முகம் சிவந்தது. "எந்தக் காலண்டர்?"

"புலி பாறை மேல நிக்கும். ஒரு கால் தூக்கியிருக்கும். பின்னால அருவி."

"அது எங்க காலண்டருய்யா" என்றார். கோபம் அதோடு எங்கோ போய்விட்டது. "அதை வரைஞ்ச ஆர்ட்டிஸ்டும் புலியைப் பார்த்ததில்லை. அவர் வீட்டுப் பூனையைப் பாறை மேல உட்கார வச்சு வரைஞ்சார். அருவி மட்டும்தான் நிஜம்."

எஸ்தர் பொன்மணி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார். பொம்மனின் மீசைகூட ஒரு பக்கம் அசைந்தது.

"சரி, திரும்பிடலாம். ரயிலைப் பிடிப்போம்" என்றார் பிச்சையாண்டி.

"ஏங்க, நீங்க திரும்புங்க. நான் நடந்தாவது போறேன்" என்றார் சௌந்தரவல்லி. குரல் உயரவில்லை. அதனால்தான் பிச்சையாண்டி பேசாமல் ஜீப்பில் ஏறினார்.

ஒன்பது மணிக்குக் குளக்கரையை அடைந்தார்கள். அங்கே வனத்துறையின் காவல் கோபுரம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் கீழே இறங்க அனுமதி உண்டு. "கோபுரத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாதீங்க. நான் சொன்னா உடனே திரும்பணும். இங்கிருந்து ஸ்டேஷனுக்குப் பக்காவான ரோடு இருக்கு, முக்கால் மணி நேரம். ஒன்பதே முக்காலுக்கு மேல ஒரு நிமிஷம் இல்லை" என்றார் பொம்மன்.

தெற்கே முப்பது தப்படி. சர்வேயரின் தப்படி எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிச்சையாண்டி எண்ணி நடந்து முள்புதரில் முடிந்தார். மருதமுத்து எண்ணி நடந்து வேறொரு முள்புதரில் முடிந்தான். "எங்க அப்பா குள்ளம்" என்று சொல்லிவிட்டு சௌந்தரவல்லி தானே நடந்தார். முப்பதாவது தப்படியில் குளத்துக் கரையடியில் ஒரு மண்மேடு. அதன் அடியோரத்தில் கல்லின் விளிம்பு ஒரு சாண் தெரிந்தது.

கேக் கத்தியால் கொடியை அறுத்தார்கள். சூப் கரண்டியால் மழை அடித்துச் சேர்த்த மண்ணைத் தள்ளினார்கள். முதலில் கல்லில் செதுக்கிய ஒரு நாய் வெளியே வந்தது.

"இதுக்கா முப்பத்தொரு வருஷம்?" என்றார் பிச்சையாண்டி.

அடுத்து ஒரு வால். வாலைத் தொடர்ந்து ஒரு வளைந்த முதுகு. பிறகு வாயைப் பிளந்த புலி, அந்த வாய்க்குள் குறுவாளைச் செருகும் ஒரு கை, அதற்கு மேல் கொண்டை போட்ட வீரனின் முகம். இடுப்பு உயரத்துக்குக் கல் நின்றது. புலியின் காலடியில், யாருக்கும் படிக்க வராத பழைய எழுத்தில் தேய்ந்த இரண்டு வரிகள். சௌந்தரவல்லி குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவினார். மூக்கை உறிஞ்சினார்.

"படியெடுக்கணும். பேப்பர் கொண்டு வந்தேன், கார்பன் கொண்டு வந்தேன், எல்லாம் ரயில் அலமாரியில இருக்கு" என்றார்.

மருதமுத்து கூடையிடம் ஓடினான். நான்கு சாண்ட்விச்சின் பட்டர் பேப்பரையும் உரித்துக்கொண்டு வந்தான். எஸ்தர் பொன்மணி பையிலிருந்து பென்சில் கொடுத்தார். மருதமுத்து குளத்துக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, தாள்களை இரண்டு கையாலும் எழுத்தின் மேல் அழுத்திப் பிடித்தான். கல்லுக்கு அந்தப்புறம் பிச்சையாண்டியும் எஸ்தரும் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். பொம்மன் அவர்களுக்குப் பின்னால். சௌந்தரவல்லி பக்கவாட்டில் உட்கார்ந்து பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது.

ஒரு வரி முடிந்தபோது பென்சில் நின்றது. மருதமுத்து நிமிர்ந்து பார்த்தான். நான்கு பேரும் அவன் தலைக்கு மேலே, குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருதமுத்து" என்றார் எஸ்தர் பொன்மணி, ஆபரேஷன் தியேட்டர் குரலில். "திரும்பாதே. கையை எடுக்காதே. மூச்சு விடலாம்."

அவன் திரும்பவில்லை. பேப்பர் ஒரு முறை சரசரத்தாலும் போதும் என்று புரிந்தது. பின்னால், அந்தக் கரையில், தண்ணீரை நக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒரே சீராக. அவன் கண்ணுக்கு எதிரே கல்லுப் புலி வாயைப் பிளந்திருந்தது. அவன் அந்த வீரனின் கொண்டையைப் பார்த்தான். இவனுக்காவது கையில் குறுவாள் இருந்தது, நமக்கு சாண்ட்விச் பேப்பர் என்று நினைத்தான். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கவில்லை.

நக்கும் சத்தம் நின்றது. பொம்மனின் கை மெதுவாக உயர்ந்து அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எங்கோ ஒரு மயில் அலறியது. பொம்மன் கையை இறக்கினார்.

"போயிட்டார்" என்றார்.

பிச்சையாண்டி கீழே பார்த்தார். லென்ஸ் மூடி கழற்றப்படாமல் காமிரா கழுத்தில் தொங்கியது. வலது கை மனைவியின் தோளை இறுகப் பிடித்திருந்தது. காமிராவை அவர் தொடவே இல்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் சௌந்தரவல்லி. பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து அதையும் முடித்தார்.

பத்து இருபத்தேழுக்கு ஜீப் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. பிளாட்பாரத்தில் சம்பந்தமூர்த்தி கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். சேறு பூசிய நால்வரும் ஏறினார்கள். ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த பொம்மனிடம் மருதமுத்து அன்னாசி கேக்கைக் கூடையோடு கொடுத்தான். தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டான். அவற்றைப் பார்த்த மேனேஜர் கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்தினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி ரயில் முழுக்கப் பரவிவிட்டது. மற்ற இரண்டு ஜீப்காரர்கள் பார்த்தது மானும் மயிலும்தான். உணவுப் பெட்டியில் ஒருவர் தவறாமல் மருதமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். புலி எவ்வளவு பெரியது, எந்த நிறம், எப்படிப் பார்த்தது என்று கேட்டார்கள். மேனேஜரும் கதவோரம் வந்து நின்றார். மூங்கில் அசைந்த கதையைச் சொல்ல இதை விட நல்ல நேரம் வராது. பிச்சையாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்கலைங்க" என்றான் மருதமுத்து. "நான் இதுவரைக்கும் சொன்ன புலி எதையும் பார்த்ததில்லை. இன்னிக்கும் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். புலியைப் பார்த்தவங்க நாலு பேர் முகத்தைத்தான் பார்த்தேன். அதைச் சொல்லட்டுமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பொம்மண்ணனுக்குப் புலி புதுசு இல்லை. வாரம் ஒண்ணு பார்க்கிறவர். அவர் வாய் லேசாத் திறந்திருந்துச்சு. சிஸ்டரம்மா கண்ணைச் சிமிட்டவே இல்லை, கண்ணுல தண்ணி கோத்து நின்னுச்சு. சாருக்குக் கழுத்துல காமிரா இருக்கிற ஞாபகமே இல்லை. அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். அம்மா முதல்ல பயந்தாங்க. அப்புறம் பயம் போயிடுச்சு. கும்பாபிஷேகத்துல கலசத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. அப்போ எனக்குப் பின்னால தண்ணி குடிக்கிற சத்தம் நின்னுச்சு. நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சைப் பிடிச்சாங்க. அது எங்களைப் பார்க்குதுன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது."

அவன் அதோடு நிறுத்தினான். பாயசக் கிண்ணங்களில் கரண்டிகள் நின்றிருந்தன. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சம்பந்தமூர்த்தி அவனைச் சமையல் பெட்டிப் பக்கம் ஒதுக்கினார். வேலை போயிற்று என்று மருதமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆறு வருஷம் என்னையும் ஏமாத்தியிருக்கே" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"இப்போ சொன்னது நிஜமா?"

"ஆமா சார்."

மேனேஜர் நெளிந்த தட்டு ஒன்றைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். "ஜோஷ்வாவுக்குக் கால் சரியாக ஒரு மாசம் ஆகும். அடுத்த ட்ரிப்லயும் நீயே போறியா?"

மருதமுத்து யோசித்தான். முதுகு இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.

"போறேன் சார்" என்றான். "ஆனா இந்தத் தடவை குளத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கிறேன்."