ஆர்வோவின் பெல்ட்

பழங்களுக்கு நடுவே ஒரு பாதை திறந்திருந்தது.

ரெய்னோவுக்கு அது பிடிக்கவில்லை. அறுவடைக்கு வயலில் தண்ணீர் கட்டிச் செடியிலிருந்து உதிர்த்ததும், மிதக்கும் கிரான்பெர்ரிப் பழங்களுக்குள் ஆள் நடந்தால் பின்னால் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். பத்து எண்ணுவதற்குள் பழங்கள் வந்து மூடிவிடும். நான்கு தலைமுறையாக இந்தக் குடும்பம் பார்த்து வருவது அதுதான். இந்தப் பாதை மூடவில்லை. கரையோர வாய்க்காலிலிருந்து புறப்பட்டு, ஓர் ஆள் அகலத்துக்கு, பாதி வயலில் நின்றிருந்தது. போன அக்டோபரில் அண்ணன் ஆர்வோ செத்தது அந்த வாய்க்காலில்தான்.

கரையில் அண்ணி டோரிஸ் நின்றிருந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, தண்ணிக்குள்ளயே தூக்கமா? லாரி வர்றதுக்குள்ள பழத்த இந்தப் பக்கம் தள்ளு."

"தள்ளுறேன் அண்ணி."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிய இலையும் ஈரமணலும் கலந்த வாடை மூக்கில் ஏற, பழங்கள் அவனுடைய ரப்பர் உடுப்பில் மோதி மோதி யாரோ விரலால் தட்டுவதுபோலச் சத்தம் எழுப்பின.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்," என்றாள் டோரிஸ். "அன்னைக்கு அவரு பெல்ட்ட வீட்டுலயே மறந்துட்டாருன்னு சொன்னியே. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிட்டேன், இல்ல. அவரு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாரே. நீ எங்கயாச்சும் பாத்தியா?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. மேற்சட்டை மறைக்க, ரப்பர் உடுப்பின் மேல், தண்ணீருக்கடியில், அந்தப் பெல்ட் இருந்தது.

அன்று அவனுடைய பெல்ட்டின் கொக்கி உடைந்துபோயிருந்தது. கொட்டகை ஆணியில் தொங்கிய அண்ணனுடையதை எடுத்துக் கட்டிக்கொண்டான். 'என் பெல்ட்டப் பாத்தியாடா?' என்று ஆர்வோ கேட்டபோது இல்லை என்றான். இடுப்பை இறுக்காமல் வாய்க்காலில் சறுக்கினால், மார்புவரை ஏறும் அந்த உடுப்புக்குள் தண்ணீர் நிறைந்து ஆளை எழவே விடாது. இருவருக்கும் அது தெரியும். ஒரு வருடம் ஒளித்து வைத்திருந்தவன், அந்த வாய்க்காலுக்குப் பயந்து இன்று அதையே கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். வெட்கங்கெட்டவன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

"இல்ல அண்ணி. பாக்கல."

பாதை நகர்ந்தது.

பழங்கள் விலகின. ஓர் எட்டு. நிறுத்தம். இன்னோர் எட்டு. அவனை நோக்கி. நான்கடி. இரண்டடி. ரப்பருக்கு வெளியே குளிர் அழுத்தியது. இடுப்பில் டக்கென்று ஒரு சத்தம்.

கொக்கி கழன்றது. அவன் இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருந்தன.

பெல்ட் மிதந்து வந்தது. வளைந்தது. பூட்டிக்கொண்டது. ஆர்வோவின் இடுப்பளவுக்கு வட்டமாக நின்றது. வட்டத்துக்குள் ஒரு பழம்கூட இல்லை.

பிறகு கரையை நோக்கித் திரும்பியது.

டோரிஸ் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. ஒவ்வோர் அறுவடையிலும் புருஷனைக் கரையேற்ற நிற்பதுபோலவே ஒரு காலை முன்னால் ஊன்றிக் கையை நீட்டினாள்.

"வாங்க," என்றாள்.

கையில் கனம் ஏறியது. தோள் இறங்கியது. அவளுடைய பூட்ஸ் ஈரமணலில் சறுக்கியது.

"ரெய்னோ! பிடிடா!"

அவளுக்கும் அவனுக்கும் நடுவே வாய்க்கால். அவன் இடுப்பில் பெல்ட் இல்லை.

அவன் அசையவில்லை.

தண்ணீர் அடங்கியது. பழங்களின் மேல் அவள் கம்பளித் தொப்பி மிதந்தது. அதன் இரு பக்கமும் இரண்டு பாதைகள். மூடவில்லை.

இரண்டும் அவன் பக்கம் திரும்பின.