ரிவர்ஸ் விழாத புல்டோசர்

கோ யோங்செங் உயிரோடு இருந்தவரை ஐந்தடி ஏழு அங்குலம்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு... நான்கு அங்குலம்!

ஹுவாலியென் மலையடிவாரத்தில் அவருடைய பளிங்குக் குவாரி. அங்கே நாற்பது வயது மஞ்சள் புல்டோசர் ஒன்று. அதன் பின்பக்கம், சங்கிலிச் சக்கரத்தை ஒட்டினாற்போல் கிடந்தார் முதலாளி.

பார்த்த சாட்சி ஒரே ஒருவர். முதலாளியின் தம்பி கெல்வின். அமெரிக்காவில் படித்து, அந்தப் பெயரோடு திரும்பியவர். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். டிரைவர் லெகல் ரிவர்ஸ் போட்டானாம். அண்ணன் மேல் ஏற்றினானாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இன்ஜினைச் சூடு பண்ண மற்றவர்களுக்கு அரைமணி முன்பே வருகிறவன் லெகல். அந்த நேரத்தில் குவாரியில் வேறு ஆள் கிடையாது. கைவிலங்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர் லூ.

லெகல் ஒன்றுதான் சொன்னான். இருபது நாளாக அந்த வண்டிக்கு ரிவர்ஸே விழவில்லை. திரும்ப வேண்டுமென்றால் முன்னாலேயே போய், குவாரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் வருவானாம்... கோயில் பிரதட்சணம் மாதிரி.

இன்ஸ்பெக்டர் வண்டியின் தினசரி நோட்டைக் கேட்டார்.

இருபது பக்கம். இருபதிலும் ஒரே வரி.

'சமர்த்தாக இருந்தது. சொன்ன பேச்சுக் கேட்டது.'

குவாரி ஆட்கள் வண்டியின் குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எழுதவே மாட்டார்கள். வண்டிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் ஒரு பச்சைப் பொட்டலம் சோளப்பொரி வைப்பார்கள். நாலு வார்த்தை புகழ்ந்து எழுதுவார்கள். அவ்வளவுதான் பராமரிப்பு. பொட்டலம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். தேதி தாண்டியிருக்கக் கூடாது.

டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்குத் தேதி தாண்டிப் பத்து வருஷம். அதை எவனும் பார்ப்பதில்லை!

"ரிவர்ஸ் விழலன்னு இவன் சொல்றான். விழுதுன்னு நோட்டு சொல்லுது. கோர்ட்டு நோட்டத்தான் நம்பும்" என்றார் இன்ஸ்பெக்டர். நியாயமான மனிதர் என்று காட்டிக்கொள்ள, லெகல் சொன்னதைக் கெல்வினிடமும் ஒப்பித்து அபிப்பிராயம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலில் லெகலின் மகள் வந்து இறங்கினாள்.

நகாவ். வயது இருபத்து நான்கு. அந்த வம்சத்துக்கே முதல் டிகிரி. காவோசியுங் துறைமுகத்தில் கனரக வண்டி மெக்கானிக். லாக்கப் கம்பியைப் பிடித்து அவள் அழவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டாள்.

"ரிவர்ஸ் போட்டா இன்ஜின் திணறுச்சா, இல்ல சும்மா கத்துச்சா?"

"சும்மா கத்துச்சும்மா. வண்டி அசையல."

"நியூட்ரல்ல வச்சா தானா முன்னால நகருமா?"

"நகராது. முன்னால போற கியரெல்லாம் பழுதில்ல."

"அப்ப முன் கிளட்ச் ஒட்டிக்கல. பின் கிளட்சுக்கு ஆயிலே போய்ச் சேரல. வால்வுல ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கும், இல்ல சீல் கிழிஞ்சிருக்கும். இத நோட்டுல எழுத ஒரு வரி ஆகுமாப்பா?"

"வண்டி வருத்தப்படும்மா..."

"இப்ப உள்ள ஒக்காந்திருக்கறது வண்டியா, நீயா?"



இன்ஸ்பெக்டரிடம் சண்டை போட்டுச் சோதனைக்கு நாள் வாங்கினாள் நகாவ். வெள்ளிக்கிழமை பத்து மணி என்று கெல்வினுக்கும் தகவல் போனது. ரிவர்ஸ் விழாத வண்டி எப்படிப் பின்னால் வந்து ஆளைக் கொல்லும்? அசையாத புல்டோசரை ஊரறியக் காட்டிவிட்டால் அப்பா வெளியே. காட்டாவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளே.

வெள்ளிக்கிழமை.

குவாரி ஆட்கள் ஒரு பக்கம். கெல்வின் கூலிங்கிளாஸோடு ஒரு பக்கம். வால்வுக்குப் பக்கத்தில் பிரஷர் கேஜை மாட்டிவிட்டு, நகாவே ஏறி உட்கார்ந்தாள். ஆயில் சூடாகும்வரை பொறுத்தாள்.

ரிவர்ஸ் போட்டாள்.

புல்டோசர்... மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி அலுங்காமல் பின்னால் வந்தது!

ஆட்களில் இரண்டு பேர் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். கெல்வின் புன்னகைத்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? பேசாம ஒரு வக்கீலப் பாரு."

நகாவுக்குக் காது மடல் சுட்டது. கேஜைப் பார்த்தாள். புது வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு... ஒரு புள்ளி பிசகவில்லை.

நாற்பது வயது வண்டிக்கு இருபது வயது ரத்த அழுத்தமா?

இறங்கினாள். ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். தேன் நிறத்தில் புது ஆயில். இன்ஜினை நிறுத்தி வால்வு மூடியைக் கழற்றினாள். சுற்றிலும் பத்து வருஷ அழுக்கு. உள்ளே பளபளவென்று ஒரு ஸ்பிரிங். கறுப்பு மினுக்கோடு புது சீல்கள்.

"சார், இந்த வண்டிக்கு யாரோ வைத்தியம் பாத்திருக்காங்க. அதுவும் நீங்க வண்டிக்குக் காவல் போட்டதுக்கப்பறம்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். இரண்டு நாளாக வண்டிக்குக் காவல் இருந்த கான்ஸ்டபிள் பெங், பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"நேத்து மத்தியானம் மூணு டெக்னீஷியன் வந்தாங்க சார். கெல்வின் சார்தான் கூட்டிட்டு வந்தாரு. நீங்க அனுப்பி வச்சீங்கன்னு நெனச்சேன். எனக்குப் பன்னி வறுவல் சாப்பாடு வாங்கிக் குடுத்தாரு."

அது போதாமல் டாஷ்போர்டில் இருந்த பச்சைப் பொட்டலத்தையும் பெங்கே காலி பண்ணியிருந்தார்.

கெல்வின் கூலிங்கிளாஸைக் கழற்றினார். "எங்க கம்பெனி வண்டி. இது சாதாரண மெயின்டெனன்ஸ்."



குவாரி ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்துச் சரளையில் உட்கார்ந்தே விட்டான். அந்தக் கம்பெனியில் மெயின்டெனன்ஸ்! அதைவிடப் பெரிய வாக்குமூலம் தேவைப்படவில்லை.

ஆனாலும் சட்டத்துக்குக் காகிதம் வேண்டும். இன்ஸ்பெக்டர் டெக்னீஷியன்களின் கடைக்குப் போன் போட்டார். வேலைச் சீட்டின் படம் செல்லுக்கு வந்தது. கெல்வின் கையெழுத்து. வியாழக்கிழமை தேதி.

'புகார்: மூன்று வாரமாக ரிவர்ஸ் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் சரியாக வேண்டும். மிக அவசரம்.'

"மூணு வாரமா ரிவர்ஸே போகாத வண்டி, புதன்கிழமை மட்டும் ஒங்க அண்ணன் மேல எப்படி ரிவர்ஸ்ல ஏறுச்சு?" என்று கேட்டாள் நகாவ்.

குறையை ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுத்த ஒரே மனிதர், அமெரிக்காவில் படித்தவர். படிப்பு மாட்டிவிட்டது.

ஜீப்பில் ஏறும்முன் எல்லாவற்றையும் கொட்டினார். ஓட்டல்காரர்களுக்கு மலையை விற்க அண்ணன் சம்மதிக்கவில்லையாம். பொழுது விடியும்போதே கிரேனிலிருந்து பளிங்குப் பாளத்தை அண்ணன் மேல் இறக்கினாராம். இன்ஜினை ஓடவிட்டு லெகல் பாக்கு வாங்கப் போன சமயம், உடம்பை இழுத்துவந்து சக்கரத்தோடு சேர்த்துப் போட்டாராம்.

மத்தியானம் அதே ஜீப்பில் லெகல் குவாரிக்குத் திரும்பினான். மகள் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தப்பு நடந்துவிட்டதாகவும், டிபார்ட்மென்ட் சார்பில் என்ன உதவி வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொன்னார்.

லெகல் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் தலையாட்டினார்கள்.

"லோடர் வண்டிக்கு மூணு வருஷமா பிரேக் இல்ல சார்... அதையும் ரிப்பேர் பண்ண கெல்வின் சாரை ஒரு ரெண்டு நாள் ஜாமீன்ல விட முடியுமா?"